பார்க்கத் தெரிந்த மூக்குக்கண்ணாடி



விடியற்காலை இருட்டில் பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளர் விளக்கைக் கையில் பிடிப்பதில்லை, நெற்றியில் கட்டிக்கொள்வர். இரு கைகளுக்கும் வேலை இருக்கிறது. ஒளியோ கண் போகும் திசையில் தானே போக வேண்டும். இந்தச் சிறிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இங்கே நான் விளக்கப்போகும் புதிய கருவி எளிதில் விளங்கும்.

அக்கருவி மூக்குக்கண்ணாடி போல அணியத்தக்கது. அதை அணிந்தவர் எதிரே உள்ள உலகை எப்போதும் போலக் காண்பார். அதே வேளையில், அவ்வுலகின்மேல் எழுத்தும் படமும் அம்புக்குறியும் பதிந்திருப்பதையும் காண்பார். இம்முறையை 'ஆக்மெண்டட் ரியாலிட்டி' என்பர். தமிழில் 'மிகை மெய்ம்மை' எனலாம். உள்ளதை மறைக்காமல், உள்ளதன்மேல் சிறிது கூட்டிக் காட்டுவது என்பது இதன் பொருள்.

தோற்றமும் வளர்ச்சியும்

1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாண்ட் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கிக் காட்டினார். தலை திரும்பும் அளவை அறிய, கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதில் தெரிந்தவை கோடுகளால் ஆன எளிய உருவங்களே.

பின்னர், போயிங் வானூர்தி நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடல், டேவிட் மிசல் ஆகிய இருவரும் 1992-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். வானூர்திக்குள் செல்லும் கம்பிக் கற்றைகளைத் தொழிலாளர் பெரிய பலகைகளின்மேல் ஒழுங்காக அமைக்க வேண்டும். எந்தக் கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைக் கண்முன்னே காட்டினால், வரைபடத்தைப் புரட்டாமலே வேலை நடக்கும் என்பது அவர்கள் கருத்து. நெற்றி விளக்கின் தேவையும் இதுவே அன்றோ?

2016-இல் விற்பனைக்கு வந்த 'ஹோலோலென்ஸ்' என்னும் தலைக்கருவியின் எடை 579 கிராம். 2024-இல் ஹோலோலென்ஸ் வரிசைக் கருவிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மெட்டா நிறுவனம் 'ஓரியன்' என்னும் மாதிரிக் கண்ணாடியைக் காட்டியது. அதன் எடை 100 கிராமுக்கும் குறைவு. ஆயினும் அது விற்பனைக்காக வெளியிடப்படவில்லை. கணக்கிடும் பகுதியைத் தனியே ஒரு சிறு பெட்டியில் உடன் கொண்டுசெல்லவும் வேண்டும்.

எவ்வாறு காட்டுகிறது?

இரவில் பேருந்தில் செல்லும்போது சன்னல் கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள். வெளியே உள்ள மரமும் தெரியும். உள்ளே இருக்கும் உங்கள் முகமும் தெரியும். கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியைக் கடக்க விடுகிறது. ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. இத்தகைய கண்ணாடியே தொடக்கக் கருவிகளில் பயன்பட்டது.

இக்காலக் கருவிகள் பலவற்றில், காதருகே உள்ள சட்டத்தில் மிகச்சிறிய ஒளிபாய்ச்சி ஒன்று இருக்கிறது. அதன் ஒளி கண்ணாடித் தகட்டுக்குள் புகுந்து, இரு பரப்புகளிலும் மாறி மாறிப் பட்டுத் தெறித்துச் செல்கிறது. கண்ணுக்கு நேராக வந்ததும், அங்குள்ள நுண்ணிய வரிகள் அவ்வொளியைக் கண்ணின் பக்கம் திருப்பிவிடுகின்றன.

எவ்வாறு காண்கிறது?

காட்டுவது மட்டும் போதாது. மேசைமேல் இருப்பதாகக் காட்டிய உருவம், நாம் தலையைத் திருப்பினாலும் மேசைமேலேயே நிற்க வேண்டும். ஒரு விநாடிக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்புவதாகக் கொள்வோம். கருவி ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதித்தாலும், 2 பாகை பிழை நேரும். 60 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகல். கம்பி பொருத்துபவர் தவறான துளையில் பொருத்திவிட அது போதும்! ஆகவே, கண்ணாடி தன் சுற்றுப்புறத்தை இடைவிடாது உணர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மூன்று துணைகள் உள்ளன.

முதலாவது, தலையின் அசைவையும் சுழற்சியையும் உணரும் சில்லுகள். கைப்பேசியைச் சாய்த்தால் திரைப்படமும் திரும்புவது இவற்றால்தான். நம் உட்செவியும் இவ்வேலையைச் செய்கிறது.

இரண்டாவது, கேமராக்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்துங்கள். இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடுங்கள். விரல் சுவரின்மேல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரலை அருகே கொண்டுவந்தால் மாற்றம் மிகும். இரு கேமராக்களும் இவ்வாறே தொலைவைக் கணக்கிடுகின்றன. மேலும், சுவர் மூலை, சன்னல் விளிம்பு முதலியவற்றை அடையாளமாகக் கொண்டு, அறையின் வரைபடத்தையும் அவை தீட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது, ஆழமறியும் கருவி. இது கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப, ஒரு விநாடியில் ஐந்து கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தையும் அளக்கும் வல்லமை மனிதன் படைத்த சில்லுக்கு உண்டு. எல்லாக் கண்ணாடிகளிலும் இது இருப்பதில்லை, ஹோலோலென்சில் இருந்தது.

நாம் சிந்திக்க வேண்டியது

இப்பாடத்தை நடத்தியபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, அந்தக் கண்ணாடி பார்த்ததையெல்லாம் வேறு யாராவது பார்க்க முடியுமா?" என்று கேட்டான். அன்று கேட்கப்பட்ட வினாக்களில் அதுவே சிறந்தது.

2013-இல் கூகிள் நிறுவனத்தின் கேமராக் கண்ணாடி வெளிவந்தபோது அமெரிக்க மக்களும் இதையே கேட்டனர். எதிரே இருப்பவர் தம்மைப் படம் பிடிக்கிறாரா இல்லையா என அறிய இயலாமல் பலர் வருந்தினர். சில உணவகங்கள் அக்கண்ணாடியை அணிந்து வர அனுமதிக்கவில்லை. 2015-இல் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது.

தொழிலாளத் தோழர்களே! கங்காணி என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். கண்காணிப்பவர் என்பதே அதன் பொருள். வேலையைக் கற்றுக்கொடுத்த கங்காணியும் உண்டு. குறை காண்பதையே தொழிலாகக் கொண்ட கங்காணியும் உண்டு. இந்தக் கண்ணாடியும் அத்தகையதே. எந்தத் திருகை எங்கே முடுக்குவது என்று அது தொழிலாளிக்கு வழிகாட்டலாம். அவர் கை எத்தனை முறை ஓய்ந்தது என்று முதலாளிக்குக் கணக்கும் கொடுக்கலாம். கருவி ஒன்றே. அதன் கணக்கு யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் வேற்றுமை இருக்கிறது. அதைக் கேட்டறியும் உரிமையை அணிபவர் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களே! இத்தகைய கண்ணாடி ஒருநாள் உங்கள் கைக்கு வரக்கூடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டா, மயங்கவும் வேண்டா. அது எதைப் பார்க்கிறது, பார்த்ததை எங்கே வைக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு, விடை தெரிந்த பின்னரே அணியுங்கள். பிறர் இல்லத்தில் அவர்தம் இசைவின்றி அணியாதீர்கள். இவ்வினாக்களைக் கேட்கக் கணிதமும் அறிவியலும் வேண்டும். அவற்றை இன்றே நம் வகுப்பறையில் கற்றுக்கொள்ளுங்கள்.