உழவர் அங்காடியும் ஊரக உணவுப் பாதுகாப்பும்: ஆத்தூரை முன்வைத்து

முன்னுரை

விளைவிப்பவர் பசித்திருக்க மாட்டார் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆயின், ஓரிரு ஏக்கர் நிலமுடைய சிறு உழவர் தம் விளைபொருளை விற்று, அவ்வருவாயைக் கொண்டே பருப்பும் எண்ணெயும் பாலும் வாங்குகின்றார். விற்கும் விலை சரிந்தால் அவர் இல்லத்து உணவும் சுருங்குகின்றது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவுக் குறைவால் மட்டுமன்றி, உணவைப் பெறும் ஆற்றலை மக்கள் இழப்பதாலும் பஞ்சம் நேரும் என 1981இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். எனவே, அங்காடியின் நேர்மையும் உணவுப் பாதுகாப்பின் ஓர் உறுப்பே என்பதை ஆத்தூர்ப் பகுதியை முன்வைத்துக் காண்போம்.

நிலமும் விளைவும்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் அமைந்தது ஆத்தூர். மலைநீரைத் தேக்கும் காமராசர் நீர்த்தேக்கம் இங்குள்ளது. சமவெளியில் நெல்லும் தென்னையும் காய்கறியும் விளைய, மலைப்பகுதி வாழையும் காப்பியும் மிளகும் தருகின்றது. மாவட்டத்தில் அங்காடிகளுக்கும் குறைவில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்திற்குச் சரக்கு செல்கின்றது. நிலக்கோட்டை பூச்சந்தையால் பெயர் பெற்றது. குறைவுபடுவது, அங்காடியில் சிறு உழவருக்கு உள்ள பேரம் பேசும் வலிமையே.

இரு தளைகள்

அவ்வலிமையைக் குறைப்பன இரண்டு. ஒன்று, விலை அறியாமை. மற்றொன்று, காத்திருக்க இயலாமை. விதைக்கும் உரத்திற்கும் மண்டியில் முன்பணம் பெற்றவர், அறுவடையை அம்மண்டிக்கே கொண்டு சேர்க்க வேண்டியவராகின்றார். அவசரக் காலத்தில் கடன் கொடுத்து உதவுபவரும் அவ்வணிகரே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கடன் தருபவரே விலையும் சொல்லும்போது, உழவரின் உரிமை மெலிகின்றது.

அறநெறி

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் வாணிகம் செய்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. சரக்குடன் வருவோரை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்க நேர்ந்தவர் சந்தைக்கு வந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அளித்தார்கள். விலையறியாதவரின் அறியாமை பிறருக்கு ஆதாயமாகலாகாது என்பதே இதன் உட்பொருள். பதுக்கலையும் அவர்கள் கண்டித்தார்கள். வயலோரத்தில் நடைபெறும் இன்றைய கொள்முதலுக்கும் இந்நெறி பொருந்துவதாகும்.

சட்டமும் அமைப்புகளும்

இந்நெறிக்கு இயைந்த முயற்சிகள் நம் மாநிலத்திலும் உண்டு. சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933இல் இயற்றப்பட்டது. 1987ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அப்பணியை விரிவாக்கியது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சரியான எடையும் மறைமுக ஏலமும் உண்டு. அங்கு இருப்பு வைத்த விளைபொருளின் மீது பொருளீட்டுக் கடன் பெற்று, நல்ல விலை வரும்வரை உழவர் காத்திருக்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைத் திட்டம், இடைத்தரகரின்றி நுகர்வோரிடம் நேரடியாக விற்க வழிவகுத்தது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தை, தொலைவிலுள்ள வணிகரும் விலை கோர இடமளிக்கின்றது.

செய்யத்தக்கவை

நெல்லும் தேங்காய்க் கொப்பரையும் கிடங்கில் காத்திருக்கும், தக்காளி காத்திராது. ஆகவே தீர்வும் பொருளுக்கேற்ப வேறுபடும். கெடாத பொருளுக்குக் கிடங்கும் பொருளீட்டுக் கடனும் வேண்டும். விரைவில் கெடும் பொருளுக்குக் குளிர்பதனக் கிடங்கும், அண்மையிலேயே அமைந்த பதனிடும் தொழிலும் வேண்டும். தனியொருவர் பத்துக் கூடை காய்கறிக்கு வண்டி அமர்த்த இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இணைந்தோர் ஒரே வண்டியில் அனுப்பலாம், ஒரே குரலில் விலையும் பேசலாம்.

முடிவுரை

நியாயவிலைக் கடையின் அரிசி பசியைத் தணிக்கும்; ஊட்டமுள்ள உணவை உழவரின் வருவாயே வாங்கித் தரும். வணிகத்தில் ஈடுபட்டுள்ள நம் பெரியவர்கள் எடையிலும் விலையிலும் வெளிப்படையாக இருப்பதே ஓர் அறப்பணியாகும். மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சந்தைகளின் அன்றாட விலையைத் தெளிந்த தமிழில் எழுதித் தத்தம் ஊரின் பொதுவிடத்தில் வைக்கட்டும். விலையறிந்து வீட்டை விட்டுப் புறப்படும் உழவர், ஏமாறாமல் இல்லம் திரும்புவார். கற்ற மொழி மண்ணுக்குப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு வழியாகும்.