மேஜை மேல் ரயில்: முதலில் எக்செல்லில் ஓட்டிப் பாருங்கள்

மிகச் சிறிய மாடல் ரயில்களில் ஒன்று 'டி கேஜ்'. ஜப்பானில் 2006-ல் அறிமுகமானது. நிஜத்தில் 450-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி வெறும் 3 மி.மீ. வாங்கிய பிறகு மேஜை போதவில்லை என்றால் பணம் வீண். அதனால் முதலில் கணக்குப் போடுவோம்.

எக்செல்லின் முதல் வரிசையில் இரண்டாவது செல்லில் 450 என டைப் செய்யுங்கள். மூன்றாவது வரிசையிலிருந்து முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் நிஜ நீளம் (மீட்டரில்). கப்பலூர்க்காரனான எனக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை-திருமங்கலம் பாதை: சுமார் 17000. 24 பெட்டி ரயில்: ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றுக்கு 22.3 வீதம் 535.2 (இன்ஜின் தனி).

மூன்றாவது பத்தியில் = போட்டு, நீளம் உள்ள செல்லை கிளிக் செய்யுங்கள். *1000/ என டைப் செய்து, 450 உள்ள செல்லை கிளிக் செய்து, எஃப்4 விசையைத் தட்டி, என்டர் கொடுங்கள். (சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) விடை மி.மீ.-ல் வரும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் அடுத்த வரிசையும் நிரம்பும். எஃப்4 தட்டாவிட்டால் 450-ன் முகவரியும் கீழே நகர்ந்துவிடும். காலி செல்லால் வகுக்கப் போய் எக்செல் பிழை காட்டும்.

பாதை கிட்டத்தட்ட 38 மீட்டர்! அதை மறந்துவிடலாம். ரயில் 1,189 மி.மீ. நான்கடி மேஜையில் நேராக நிற்கும், வளைய இடமிருக்காது. 12 பெட்டி என்றால் 595தான். திருமங்கலம் ஸ்டேஷனை மட்டும் செய்வதே என் தேர்வு.

இப்போது 450-ஐ 220 ஆக்குங்கள். இது 1972-ல் ஜெர்மனியின் மார்க்லின் கொண்டுவந்த 'இசட்' அளவு. 24 பெட்டி ரயில் உடனே 2,433 மி.மீ. ஆகிவிடும்.

ஒன்று மட்டும் இடிக்கும்: 3 மி.மீ.-ஐ 450 மடங்காக்கினால் 1,350. நம் அகலப்பாதையோ 1,676.