ஆம்பியும் நொதியமும்

வறியவர் அடுக்களையிலே, கறையான் அரித்த புழுதியில் ஆம்பி பூத்திருந்ததெனச் சிறுபாணாற்றுப்படை கூறும். ஆம்பியாவது காளான். அடுப்பெரியாமைக்கு அடையாளமாய்ப் புலவர் கண்ட அப்பொருளே இன்று பல இல்லங்களில் அடுப்பெரிய வழிசெய்கின்றது. தமிழ் கற்பிக்கும் நாம் விஞ்ஞானப் பாடமொன்றிற் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

மன்னார்த் தீவு வெயிலும் சோளகக் காற்றும் மிக்கது. பாலங்கடந்து பெருநிலஞ் சென்றால், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன், நானாட்டான் வயல்களில் வைக்கோல் உண்டு. அதனை உணவாக்கவல்ல காளான் யாது? மொட்டுக்காளான் காய்ப்பதற்கு ஏறக்குறைய 16 பாகைக் குளிர் வேண்டும்; அது நமக்காகாது. சிப்பிக்காளானிற் பல வகைகள் 20 முதல் 28 பாகை வரை செழிக்கும். பாற்காளானோ 30 பாகைக்கு மேலும் விளைவது. புர்காயஸ்தா, சந்திரா என்னும் இருவர் 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து இதனை விவரித்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்னும் பாற்காளான் குலவகையை வெளியிட்டது.

புதிய குலவகை உண்டாக்குவது எவ்வாறு? சிப்பிக்காளானை எடுத்துக்கொள்வோம். அதன் வித்தி ஒன்றிலிருந்து தோன்றும் இழை, தனித்து நின்றாற் பெரும்பாலும் காய்ப்பதில்லை. பொருத்தமான பிறிதோர் இழையோடு கூடுதல் வேண்டும். ஒரே காளானின் வித்திகளை இணைப்பின், நூறு இணைகளுள் ஏறக்குறைய இருபத்தைந்தே பொருந்தும். பொருந்தியமையை நுணுக்குக்காட்டியில் அறியலாம்: இழையின் குறுக்குச் சுவரருகே கொளுக்கி போன்ற சிறு வளைவு தோன்றும். வைக்கோற்காளானில் இவ்வளைவு இன்மையால், அதற்கு இச்சோதனை உதவாது.

இனி நொதியம். காளானுக்கு வாயில்லை, நொதியத்தை வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சும். வைக்கோலின் செலுலோசை இலிக்னின் பிணித்துநிற்கும். லக்கேசு முதலியன அப்பிணிப்பை நெகிழ்த்த, செலுலேசு செலுலோசைச் சர்க்கரையாக்கும். குவாயக்கோல் கலந்த ஏகார்த் தட்டிலே லக்கேசு செங்கபில நிறங் காட்டும். செலுலோசுத் தட்டிற் கொங்கோச் சிவப்பை ஊற்றிக் கழுவினால், செலுலேசு சென்றவிடம் வெளிறும். வெளிறிய வட்டத்தின் விட்டத்தை இழைப்படர்ச்சியின் விட்டத்தால் வகுத்து, குலவகைகளை ஒப்பிடலாம்.

ஈண்டொரு எச்சரிக்கை. இழை படருங்காலத்து மிகும் லக்கேசு, காளான் அரும்புங்காலத்துக் குறையும். அப்போது செலுலேசு மிகும். ஆதலின் ஒன்றைப் பத்தாம் நாளிலும் மற்றதை இருபதாம் நாளிலும் அளப்பது முறையன்று. நாளும் உணவும் வெப்பமும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

அதன்பின்னும் தட்டின் தீர்ப்பு முடிந்த தீர்ப்பாகாது. ஒரு கிலோ உலர் வைக்கோல் 800 கிராம் பசுங்காளான் தந்தால் விளைதிறன் 80 விழுக்காடு. இவ்வளவை மன்னார் வெப்பத்திலேயே, பனையோலை வேய்ந்த கொட்டிலில், ஈரச்சாக்கு மறைப்பிட்டுப் பலமுறை கண்டறிதல் வேண்டும். தட்டின் வட்டம் பெரிதென்று நம்பி வித்து வாங்கிய ஏழைக்கு விளைவு பொய்த்தால், இழப்பது அவள் முதலன்றோ?

மாணவர்காள்! அளவையில் நேர்மை வேண்டுமென்பது இப்பாடத்தின் சாரம். அந்நேர்மையோடு உழைப்பின், வறுமைக்கு அடையாளமான ஆம்பி வறுமை தீர்க்கும் பயிராகும்.