சிவப்புச் சில்லையை இனங்காணல்

ஏரிக்கரையில் ஆளுயரம் வளர்ந்த புல்லின் கதிர்த்தாள் ஒன்று காற்றின்றியே வளைந்தாடுகிறது. உற்றுநோக்கினால், அதன் நுனியில் 10 செ.மீ. நீளமேயுள்ள பறவையொன்று அமர்ந்து விதைகளைக் கொத்துவது தெரியும். உடலெங்கும் செந்நிறம், அதன்மேல் வெண்முத்துகளைத் தூவியது போன்ற புள்ளிகள், கரிய வால். இதுவே சிவப்புச் சில்லையின் ஆண்பறவை.

நிறத்தைக் கொண்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவது தொடக்கநிலையாளரின் வழக்கம். இப்பறவையிடம் அது பலிக்காது. அச்செந்நிறம் மழையை ஒட்டிய இனப்பெருக்கப் பருவத்திற்கு மட்டுமே உரியது. பருவம் கழிந்ததும் ஆண்பறவை பெண்பறவையைப் போலவே மங்கிய பழுப்பு நிறம் கொள்கிறது. அப்போது இதனைக் கண்டு, வேறொரு பறவையென்று குறிப்பேட்டில் எழுதிவிடுவோர் பலர்.

ஆகவே, மாறாத அடையாளங்களைத் தேட வேண்டும். வாலுக்குச் சற்று மேலுள்ள முதுகின் கடைப்பகுதி இருபாலுக்கும் எப்பருவத்திலும் சிவந்திருக்கும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கரிய தீற்றல் உண்டு. சிறகில் வெண்புள்ளிகள் உண்டு. அலகின் நிறமும் ஓராண்டிற்குள் மாறுவதால், அதன் வடிவத்தையே நம்பலாம். குட்டையான, கூம்புபோல் தடித்த அவ்வலகு புல்விதையின் உமியை நீக்குவதற்கேற்ற கருவி. நெல்வயல்களில் திரியும் கருந்தலைச் சில்லைக்கும் இத்தகைய அலகு உண்டு; ஆனால், கறுத்த தலையும் செம்பழுப்பு முதுகும் அதனைப் பிரித்துக் காட்டிவிடும்.

வாழிடமும் ஓர் அடையாளமே. நீர்நிலையை அடுத்த உயர்புல், நாணல், கோரை, கரும்புத் தோட்டம் ஆகியவற்றில் சிறு கூட்டமாக இவை இரைதேடும். இனப்பெருக்கப் பருவத்தில் இணையிணையாகப் பிரியும். அடர்ந்த புதரின் தாழ்ந்த பகுதியில் புல்லால் உருண்டையான கூடு கட்டி, வெண்ணிற முட்டைகளை இடும். உணவும் வீடும் ஒரே புல்லில் அமைந்திருப்பதால், ‘கரையைத் தூய்மை செய்கிறோம்’ என்று அதனை ஒட்ட அறுத்துத் தீயிடும்போது இரண்டையும் ஒருசேர இழக்கின்றன. நமக்குக் களையாகத் தெரிவது வேறொன்றிற்கு விளைநிலம்.

அழகும் இப்பறவைக்குப் பகையாயிற்று. முற்காலத்தில் அகமதாபாத்திலிருந்து கூண்டுப் பறவையாக இது அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியானது. அவ்வூர்ப்பெயரே திரிந்து, 1758இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயரில் ‘அமண்டாவா’ என நிலைத்துவிட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி இன்று இதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கற்பவை கற்றபின்: உங்கள் ஊர் நீர்நிலைக் கரையில் புல் விதை முற்றும் மாதத்தையும் அதனை அறுக்கும் மாதத்தையும் கேட்டறிந்து எழுதுக. அங்கு விதையுண்ண வரும் பறவைகளை, நிறத்தைக் குறிப்பிடாமல், அலகு, வால், இருக்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு விவரிக்க.