சொல்லின்றி அளந்த அறிவு

நுழையும்முன்

ஒருவரின் அறிவுத்திறனை அறிய அவரிடம் வினாத் தொடுக்கிறோம். வினாவின் மொழியே அவருக்குப் புரியாதபோது, அவர் கூறும் விடை எதைக் காட்டும்? அவருடைய அறிவையா, மொழி அறியாமையையா? இவ்வையமே மரக்கட்டைகள், படங்கள், கட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு நுண்ணறிவை அளக்கும் சொல்சாராச் சோதனைகளுக்கு வித்திட்டது. அச்சோதனைகள் வளர்ந்த வரலாற்றையும் அவற்றின் பயனையும் எல்லையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தீவில் நின்ற வரிசை

நியூயார்க் துறைமுகத்தில் உள்ளது எல்லிஸ் தீவு. 1892ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவில் குடியேற வந்தோரைச் சோதித்து அனுப்பும் நிலையம் அங்கு இயங்கியது. ஏறத்தாழ 1.2 கோடி மக்கள் அந்நிலையத்தைக் கடந்து சென்றனர். இத்தாலி, ரஷ்யா, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து வந்த அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர். தம் தாய்மொழியிலும் எழுதப் படிக்கக் கல்லாதோரும் பலர்.

மனவளர்ச்சி குன்றியவர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என 1882ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியை மேலும் விரிவாக்கியது. எனவே, வரிசையில் நடந்து வருவோரை மருத்துவர்கள் கூர்ந்து நோக்கினர். ஒருவரின் அறிவுத்திறனில் ஐயம் எழுந்தால், அவருடைய மேலாடையில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி இட்டுத் தனியே நிறுத்தினர். அதன்பின் நடைபெறும் சோதனையில் குறைபாடு உடையவர் எனச் சான்றளிக்கப்பட்டால், வந்த கப்பலிலேயே அவர் திரும்ப வேண்டியதுதான். நிலத்தை விற்றுப் பயணச்சீட்டு வாங்கியவராயினும், உடன்வந்த குடும்பத்தைப் பிரிய நேர்ந்தாலும் விதி மாறாது. சில நிமிடச் சோதனையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

வாய்மொழி வினாக்களின் குறைபாடு அங்குதான் தெளிவாக வெளிப்பட்டது. படிக்கட்டைக் கழுவும்போது மேலிருந்து தொடங்குவாயா, கீழிருந்து தொடங்குவாயா என ஓர் இளம்பெண்ணிடம் கேட்கப்பட்டது. படிக்கட்டுக் கழுவுவதற்காகத் தான் அமெரிக்காவுக்கு வரவில்லை என அவள் விடையிறுத்தாள். கேட்ட வினாவுக்கு அது விடையன்று. ஆயினும், அறிவற்றவள் கூறக்கூடிய விடையும் அன்று.

பாரிசில் பிறந்த அளவுகோல்

அறிவை அளக்கும் முதல் பயனுள்ள அளவுகோலை ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உருவாக்கினர். பள்ளிக் கல்வியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக்கவனம் அளிப்பதே அதன் நோக்கம். அறிவு என்பது பிறவியிலேயே உறைந்துவிட்ட அளவு என்னும் கருத்தைப் பினே ஏற்கவில்லை.

அந்த அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர் ஹென்றி கோடார்டு. 1913ஆம் ஆண்டில் அவருடைய உதவியாளர்கள் எல்லிஸ் தீவில், தேர்ந்தெடுத்த சிறு குழுவினரிடம் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அதனைப் பயன்படுத்தினர். சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோருள் ஐவரில் நால்வர் அளவுக்கு அறிவுக்குறைபாடு உடையவர் என்னும் முடிவு கிடைத்தது. இத்தகைய முடிவு கிடைக்கும்போது, மக்களை ஐயுறுவதற்கு முன் அளவுகோலையன்றோ ஐயுற வேண்டும்!

நாக்ஸின் மரக்கட்டைகள்

அவ்வாறு ஐயுற்றவர்களுள் ஒருவர் ஹோவர்டு நாக்ஸ். 1912 முதல் 1916 வரை எல்லிஸ் தீவில் பணியாற்றிய மருத்துவர் அவர். பள்ளியையே காணாத உழவரிடம் பள்ளி வினாக்களைக் கேட்பது பொருந்தாது என்பதை உணர்ந்த அவர், பேச்சின்றிச் செய்துகாட்டும் சோதனைகளை வகுத்தார்.

அவற்றுள் புகழ்பெற்றது கனசதுரச் சோதனை. மேசைமீது சிறு மரக்கட்டைகள் நான்கு இடைவெளிவிட்டு வைக்கப்படும். சோதிப்பவர் ஐந்தாவது கட்டையைக் கையில் எடுத்து, நான்கையும் ஒரு வரிசைப்படி தட்டிக்காட்டுவார். எதிரில் இருப்பவர் அவ்வாறே தட்ட வேண்டும். முதலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எளிய வரிசை. அதன்பின் முன்னும் பின்னும் தாவும் கடிய வரிசைகள். இதற்கு எழுத்தறிவு வேண்டா, ஆங்கிலம் வேண்டா. கவனமும் நினைவும் போதும்.

உருவங்களைப் பொருத்தும் மரப்பலகைகளும் அத்தீவில் பயன்பட்டன. இவற்றின் முன்னோடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுவார்டு செகேன் பயன்படுத்திய வடிவப்பலகை ஆகும். வட்டம், சதுரம், விண்மீன் முதலிய துண்டுகளை அவற்றுக்குரிய பள்ளங்களில் பொருத்தச் செய்து, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அவர் பயிற்சி அளித்தார். கற்பிப்பதற்காகப் பிறந்த பலகை, காலப்போக்கில் சோதிப்பதற்கு உரியதாயிற்று.

நாக்ஸ் தம் காலத்துச் சட்டத்தை எதிர்த்தவர் அல்லர். அறிவுக்குறைபாடு உடையோரைத் தடுக்கும் பணியையே அவரும் செய்தார். எனினும், மொழி அறியாமையை அறிவின்மை எனக் கொள்வது பிழை என்பதைச் செயலில் காட்டினார். அவ்வகையில் அவருடைய மரக்கட்டைகள் பலருக்கு நீதி வழங்கின.

படைமுகாமில் படச்சோதனை

1917ஆம் ஆண்டு அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. படைவீரர்களைத் தகுதிக்கேற்பப் பிரிப்பதற்காக ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் இருவகைச் சோதனைகளை வகுத்தனர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தோர்க்கு 'ஆல்பா'. படிக்கத் தெரியாதோர்க்கும் ஆங்கிலம் அறியாதோர்க்கும் 'பீட்டா'. ஏறத்தாழ 17.5 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர்.

பீட்டா சோதனையில் செயல்விளக்கங்கள் பெரும்பாலும் சைகையாலேயே அளிக்கப்பட்டன. சிக்கல்வழியில் பாதை காணுதல், அடுக்கிய கனசதுரங்களை எண்ணுதல், படத்தில் விடுபட்ட உறுப்பை வரைந்து நிரப்புதல் முதலியன அதன் பகுதிகள். சொல் இல்லையாதலால் இச்சோதனை எல்லார்க்கும் பொதுவானது எனக் கருதினர். ஆனால், படங்களை உற்றுநோக்கின் உண்மை விளங்கும். ஒரு படத்தில் டென்னிஸ் ஆடுகளம். அதில் விடுபட்டது வலை. மற்றொன்றில் மின்விளக்கு, விடுபட்டது அதன் உள்ளிழை. இன்னொன்றில் வீடு, விடுபட்டது புகைபோக்கி. சிசிலித் தீவிலிருந்து வந்த வீரர் ஒருவர் அவ்வீட்டின்மேல் சிலுவையை வரைந்தார். அவருடைய ஊரில் அத்தகைய வீட்டில் சிலுவைதான் இருக்கும். அவருடைய விடை தவறு எனக் கொள்ளப்பட்டது. படமும் ஒரு மொழியே என்பதை அச்சோதனையை வகுத்தோர் எண்ணிப்பார்க்கவில்லை.

அவர்கள் திரட்டிய தரவிலேயே மற்றொரு சான்றும் இருந்தது. வேற்றுநாட்டில் பிறந்த வீரர்கள் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட, அவர்களின் சராசரி மதிப்பெண்ணும் கூடியது. அந்நாட்டு வாழ்க்கையுடன் ஏற்பட்ட பழக்கமும் மதிப்பெண்ணில் கலந்திருந்தது என்பதற்கு இஃது அறிகுறி. ஆயினும், கார்ல் பிரிகாம் 1923ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை வேறுவிதமாக விளக்கி, பிற்காலத்தில் வந்தோர் தாழ்ந்த அறிவினர் என எழுதினார். 1930ஆம் ஆண்டு அவரே தம் முடிவு ஆதாரமற்றது என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால், அதற்கு முன்பே, 1924ஆம் ஆண்டில், தெற்கு ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் குடியேறுவதைப் பெரிதும் சுருக்கிய சட்டம் நிறைவேறியிருந்தது.

ரேவனின் கட்டங்கள்

பழகிய பொருள்களின் படங்களில் பண்பாடு புகுந்துவிடுகிறது. அவ்வாறாயின் எப்பொருளையும் சுட்டாத கோடுகளையும் வடிவங்களையும் மட்டும் பயன்படுத்தினால் என்ன? இவ்வழியில் எழுந்ததே, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரேவன் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட 'படிமுறை அணிகள்' என்னும் சோதனை. ஐந்து தொகுதிகள், தொகுதிக்குப் பன்னிரண்டு என 60 புதிர்களைக் கொண்டது அது.

அவ்வகைப் புதிரின் எளிய வடிவம் ஒன்றைக் காண்போம். ஒன்பது கட்டங்களை மூன்று வரிசையாக வரைக. முதல் வரிசையில் ஒரு வட்டம், இரண்டு வட்டங்கள், மூன்று வட்டங்கள். இரண்டாம் வரிசையில் அவ்வாறே சதுரங்கள். மூன்றாம் வரிசையில் ஒரு முக்கோணம், இரண்டு முக்கோணங்கள். கடைசிக் கட்டம் வெற்றிடம். அங்கு மூன்று முக்கோணங்கள் வரும் என உடனே உரைப்பீர்கள். வடிவம் வரிசைதோறும் மாறுகிறது. எண்ணிக்கை நிரல்தோறும் கூடுகிறது. இரு விதிகளையும் ஒருசேரக் கண்டதால் விடை கிடைத்தது. விதிகள் பெருகப் பெருகப் புதிர் கடினமாகும்.

இப்புதிரில் சொல் இல்லை, ஊர் இல்லை, நாடு இல்லை. எனவே, பண்பாட்டின் தாக்கம் மிகக் குறைந்த சோதனை என உலகின் பல நாடுகள் இதனை ஏற்றன.

ஏறிய மதிப்பெண்கள்

அந்நம்பிக்கையை அசைத்தது நியூசிலாந்தில் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் ஃபிளின்னின் ஆய்வு. நெதர்லாந்து நாட்டில் படைப்பணிக்கு வந்த இளைஞர்கள் ரேவன் வகைச் சோதனையில் பெற்ற மதிப்பெண்களை அவர் ஒப்பிட்டார். 1952ஆம் ஆண்டிற்கும் 1982ஆம் ஆண்டிற்கும் இடையே, நுண்ணறிவு ஈவுக் கணக்கில் ஏறத்தாழ 20 புள்ளிகள் உயர்ந்திருந்தன. பல நாடுகளிலும் இத்தகைய உயர்வைக் கண்டு 1987ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். வியப்பு யாதெனில், சொற்களஞ்சியம், பொது அறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் பகுதிகளைவிடச் சொல்சாராப் புதிர்களிலேயே உயர்வு மிகுதி.

முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியவை கல்வி, ஊட்டம், வாழ்முறை ஆகியன. அட்டவணை, வரைபடம், கணிதக் குறியீடு ஆகியவற்றுடன் பழகிய தலைமுறைக்குக் கட்டங்கள் எளிதில் பேசுகின்றன. ஒன்பது கட்டப் புதிரை நீங்கள் விடுவித்ததை மீண்டும் எண்ணிப்பாருங்கள். இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் நோக்க வேண்டும் என்பதையும், வெற்றிடம் நிரப்பப்பட வேண்டியது என்பதையும் யார் உங்களுக்குச் சொன்னார்? பள்ளி சொன்னது. அதனைச் சொல்லக் கேளாதவர் அப்புதிரின்முன் தயங்கினால், அத்தயக்கம் அறிவின்மை ஆகாது.

தெரிந்து தெளிவோம்

நம் நாட்டில் எழுத்தறிவு பெறாத சிறுவர்களையும் கருத்திற்கொண்டு சந்திர மோகன் பாட்டியா செயற்சோதனைத் தொகுதி ஒன்றை உருவாக்கி, 1955ஆம் ஆண்டு வெளியிட்டார். வண்ணக்கட்டைகளைக் கொண்டு உருவம் அமைத்தல், பெட்டிக்குள் துண்டுகளை நகர்த்துதல், கையெடுக்காமல் கோட்டுருவம் வரைதல், கேட்டதை உடனே நினைவுகூர்தல், படத்துண்டுகளை இணைத்தல் என அது ஐந்து பகுதிகளைக் கொண்டது.

அளவும் அளக்கப்படுவோரும்

சொல்சாராச் சோதனைகள் பயனற்றவை எனக் கருதுதல் கூடாது. செவித்திறன் குறைந்த குழந்தை, பேச இயலாத குழந்தை, பயிற்றுமொழியை வீட்டில் பேசாத குழந்தை ஆகியோரிடம் மறைந்துள்ள ஆற்றலை அவை வெளிப்படுத்துகின்றன. மூளைக் காயமுற்றவரின் நிலையை மருத்துவர் அறியவும் துணைபுரிகின்றன. பேசாததனால் அறிவற்றவர் என ஒதுக்கப்பட்ட ஒருவரை, அவர் கையாலேயே தம் திறனைக் காட்டச் செய்வது சிறிய செயல் அன்று.

பிழை, அவை தரும் எண்ணை ஒருவரின் முழுமதிப்பாகக் கொள்வதில் உள்ளது. நாட்டுக்குள் விடலாமா எனத் தீர்ப்பளிக்க முற்பட்டபோது அளவுகோல் தடியாக மாறியது. இக்குழந்தைக்கு எவ்வகை உதவி தேவை எனக் கேட்டபோது அதுவே கைவிளக்காக நின்றது. பினே கேட்டது இரண்டாவது வினா. குறைந்த மதிப்பெண்ணைக் காணும்போதெல்லாம், 'இவர் யார்?' எனத் தீர்ப்பதற்கு முன், 'இவரிடம் நாம் கேட்டது என்ன? எம்மொழியில் கேட்டோம்?' என எண்ணிப்பார்ப்பதே அறிவுடைமை ஆகும்.

கற்பவை கற்றபின்

1. ஒன்பது கட்டங்களைக் கொண்ட புதிர் ஒன்றை உருவாக்குக. பேசாமல், சைகையால் மட்டும் விளக்கி, உம் நண்பரை விடுவிக்கச் செய்க. அவர் எங்குத் தயங்கினார் எனக் குறித்து வகுப்பில் உரைக்க.
2. உம் ஊரில் அனைவரும் அறிந்த, பிறர் அறியாத பொருள் ஒன்றின் படத்தை, ஓர் உறுப்பை விடுத்து வரைக. வேற்றூரார் அதனை நிரப்ப இயலுமா எனக் கலந்துரையாடுக.

குறுவினா

1. பினே, சிமோன் அளவுகோலின் நோக்கம் யாது?
2. நாக்ஸின் கனசதுரச் சோதனை எவ்வாறு நடைபெறும்?

நெடுவினா

'படமும் ஒரு மொழியே' என்னும் கருத்தைப் பாடப்பகுதியில் இடம்பெற்ற சான்றுகள்வழி நிறுவுக.