மிமெடைட்டு என்னும் போலிக் கனிமம்

உலகத்துப் பொருள்களை அவற்றின் இயல்பு அறிந்து வகுத்துப் பெயரிடுதல் அறிவின் முதற்படியாகும். தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை வகுக்கப் புகுந்தபோது, அவற்றின் நிறத்தையோ பருமையையோ அளவாகக் கொண்டாரல்லர். ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக, அவ்வவற்றிற்கு உள்ளமைந்த அறிவு பற்றியே வகுத்தார். புறத்தோற்றம் ஏமாற்றக்கூடும், அகத்தியல்பு ஏமாற்றாது. இவ்வுண்மை உயிர்களுக்கே யன்றிக் கற்களுக்கும் பொருந்தும் என்பதை ஓர் அரிய கனிமத்தின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருங்காபுரியைச் சூழ்ந்த கற்குன்றுகளை நாள்தோறும் காண்கின்ற நமக்குக் கல்லென்றால் ஒரே பொருள் என்று தோன்றுதல் இயல்பே. உடைந்த கருங்கல் ஒன்றைக் கையிலெடுத்துக் கூர்ந்து நோக்குவோமாயின், வெங்கச்சங்கல்லின் வெண்மையும், பெல்ஸ்பாரின் வெளிறிய செம்மையும், காக்காப்பொன்னின் மினுக்கமும் வேறுவேறாகப் புலப்படும். இத்தகைய பாறைகளில் கண்ணுக்குப் புலனாகாத சிறு துகள்களாய்க் கலந்து கிடக்கும் கனிமங்களுள் அபடைட்டு என்பதும் ஒன்று. சுண்ணத்தின் மூலமாகிய கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தமைந்தது அது. நம் திருச்சிராப்பள்ளிச் சீமையின் வடபாலுள்ள ஊட்டத்தூரைச் சார்ந்த பழங்கடற் களிமண் படிவுகளில் காணப்படும் உருண்டைக் கற்களிலும் இக்கால்சியப் பாஸ்பேட்டே நிறைந்துள்ளது. நம் பற்களும் எலும்புகளும் இவ்வினப் பொருளால் ஆயவையே. இங்ஙனம் நம்மூர்க் கல்லிலும் நம்முடம்பிலும் உறையும் அபடைட்டுக்கு நஞ்சையே உடம்பாகக் கொண்ட நெருங்கிய உறவொன்று உண்டு. அதுவே மிமெடைட்டு.

பெயர்க் காரணம்

அபடைட்டு என்னும் பெயரை 1786-ஆம் ஆண்டில் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஆவர். ஏமாற்றுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அவர் அதனைப் படைத்தார். அக்கனிமத்தைப் பிற மணிக்கற்களாகவே பலரும் பிறழ உணர்ந்து வந்தமையே அதற்குக் காரணம். மிமெடைட்டுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் பேயுதான், ஆண்டு 1832. பாவனை செய்வோன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இப்பெயரின் வேர். பைரோமார்பைட்டு என்னும் ஈயப் பாஸ்பேட்டுக் கனிமத்தைக் கண்டோர் இதுவென்றும், இதனைக் கண்டோர் அதுவென்றும் மயங்கும்படி இரண்டும் ஒத்திருந்தமையால் இப்பெயர் எய்திற்று. குடும்பத் தலைவன் பெயர் ஏமாற்றுவோன். உறவினன் பெயர் வேடம் புனைவோன். பெயர்களே இக்குலத்தின் வரலாற்றைக் கூறிவிடுகின்றன.

இயல்புகள்

மிமெடைட்டு ஈயமும் ஆர்சனேட்டும் குளோரினும் கூடியது. அணுவளவில், ஈயம் ஐந்தும் ஆர்சனேட்டுத் தொகுதி மூன்றும் குளோரின் ஒன்றும் ஆக அமைவது இதன் கட்டு. எடையளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு ஈயம். 15 பங்கு ஆர்செனிக்கு.

இதன் நிறம் ஒருநிலைப்பட்டதன்று. மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, இளம்பச்சை, வெண்மை எனப் பலவாறு தோன்றும். எந்நிறத்ததாயினும், மெருகிடாத பீங்கானில் உரைத்தால் விழும் பொடி வெண்மையாகவே இருக்கும். பிசின்போன்ற பளபளப்பு உடையது. கடினம் மூன்றரை முதல் நான்கு வரை. ஆகவே நகத்தால் இதனைக் கீறுதல் இயலாது, பேனாக்கத்தியால் இயலும். ஒப்படர்த்தி ஏழுக்குச் சற்று மேற்பட்டது. அதாவது, ஒத்த பருமனுள்ள வெங்கச்சங்கல்லைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கும் மிகுந்த எடையுடையது. கையிலெடுத்த அளவில் இக்கனம் ஈயத்தின் உண்மையை அறிவித்துவிடும்.

படிகங்கள் பெரும்பாலும் அறுகோணத் தூண்களாக அமையும். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பர்லாந்துப் பகுதியில், பக்கங்கள் புடைத்துப் பீப்பாயுருவில் அமைந்த வகை கிடைத்தது; வளைந்தது என்னும் பொருளில் அதனைக் காம்பிலைட்டு என வழங்கினர். நமீபியா நாட்டுச் சுமேபுச் சுரங்கத்தில் கிடைத்த தெளிந்த மஞ்சட் படிகங்கள் உலகப் புகழ்பெற்றவை.

ஈயத் தாதுவாகிய கலீனா மண்ணின் மேற்பரப்பை அடுத்து நீராலும் காற்றாலும் சிதைவுறும். அருகிலுள்ள ஆர்செனிக்குக் கனிமங்களும் உடன் சிதைவுறும். இவ்விரண்டின் கரைசல்களும் குளோரினும் ஓரிடத்துக் கூடும்போதே மிமெடைட்டு பிறக்கும். பாஸ்பேட்டு மிகுந்துவிடின் பைரோமார்பைட்டு தோன்றிவிடும். இத்துணைப் பொருத்தங்களும் ஒருங்கே வாய்த்தல் அருமையாதலின், இக்கனிமமும் அரிதாயிற்று.

போலியாகும் முறை

உருவம் ஒத்து, உள்ளீடு வேறுபடுதல் எங்ஙனம் கூடும்? இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். நிலம் என்பது நிலன் எனவும், பந்தல் என்பது பந்தர் எனவும் வழங்குவதை நாம் போலி என்கிறோம். ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து அமர்கின்றது. சொல்லின் கட்டுக் குலைவதில்லை. எல்லா எழுத்தும் எல்லா இடத்தும் இவ்வாறு அமரமாட்டா. இயைபுடைய எழுத்தே அமரும்.

கனிம உலகிலும் இதுவே முறை. பாஸ்பரசும் ஆர்செனிக்கும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதியில் மேலுங்கீழுமாக நிற்பன. இரண்டும் நான்கு பிராணவாயு அணுக்களை நான்கு மூலைகளில் நிறுத்தி, நடுவே தாம் நின்று, ஒத்த வடிவும் ஒத்த மின்னேற்றமும் உடைய தொகுதிகளை ஆக்குகின்றன. ஆர்சனேட்டுத் தொகுதி சிறிது பெரிது, வேற்றுமை அவ்வளவே. ஆகவே ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நின்றாலும் படிகத்தின் கட்டுக் குலைவதில்லை.

இதனை முதற்கண் உணர்ந்தவர் மிட்செர்லிக்கு என்னும் ஜெர்மானிய வேதியறிஞர். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரிய படிக வடிவம் உண்டு என்பது அக்காலத்தில் வேரூன்றிய கொள்கை. அவரோ 1819-ஆம் ஆண்டில், பொட்டாசியத்தின் பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் ஒரே வடிவில் படிகமாதலைக் கண்டு, ஒத்த அமைப்புடைய பொருள்கள் ஒத்த வடிவெடுக்கும் என்று நிறுவினார். பின்னர் 1930-ஆம் ஆண்டில் அபடைட்டின் அணுக்கட்டு எக்ஸ் கதிர்களால் துணியப்பட்டது. உருவ ஒற்றுமை தற்செயலன்று, உள்ளமைப்பின் பயனே என்பது ஐயமற விளங்கிற்று.

வகுப்பு

ஆர்செனிக்கு உள்ளன யாவும் ஓரினம் என்று கருதுதல் பிழை. சித்த மருத்துவ நூல்கள் பாஷாணங்களை 64 எனக் கொண்டு, பிறவிப் பாஷாணம் 32, வைப்புப் பாஷாணம் 32 எனப் பகுப்பன. தானே விளைந்ததும் மனிதன் ஆக்கியதும் என்னும் பிறப்பு வேறுபாடே அப்பகுப்பிற்கு அடிப்படை. இக்காலக் கனிமநூலோ வேதியமைப்பையும் படிகக் கட்டையும் அடிப்படையாகக் கொள்கின்றது. ஸ்ட்ரன்சு என்னும் அறிஞரின் முறையைத் தழுவிய பகுப்பில் பத்து வகுப்புகள் உள்ளன. அரிதாரமும் மனோசிலையும் கந்தகத்தோடு கூடியவை; ஆகவே 2-ஆம் வகுப்பின. வெள்ளைப் பாஷாணத்தின் இயற்கை வடிவம் பிராணவாயுவோடு கூடியது. ஆகவே 4-ஆம் வகுப்பினது. மிமெடைட்டோ பாஸ்பேட்டு, ஆர்சனேட்டு, வனடேட்டு ஆகிய மூன்றும் ஒருங்குறையும் 8-ஆம் வகுப்பினது. நஞ்சொன்றே ஆயினும் குடி மூன்று.

அவ்வெட்டாம் வகுப்பினுள்ளும் மிமெடைட்டு அபடைட்டுக் குடும்பத்தைச் சார்ந்தது. பைரோமார்பைட்டும், வனடியம் உடைய வனடினைட்டும் அதன் உடன்பிறப்புகள். இக்குடும்பத்தின் பெயர்முறை 2010-ஆம் ஆண்டில் உலகக் கனிமவியற் சங்கத்தின் ஒப்புதலோடு திருத்தி வகுக்கப்பட்டது.

இங்கு ஒரு வினா எழும். பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் ஒரே படிகத்தில் எவ்வளவிலும் கலந்து நிற்கக்கூடுமாயின், அதனை எப்பெயரால் வழங்குவது? எது மிகுந்துள்ளதோ அதன் பெயரால் வழங்குக என்பது கனிமநூலார் விதி. இது நமக்குப் புதிதன்று. பிற மரங்களும் நிற்குந் தோட்டத்தைக் கமுகின் மிகுதி பற்றிக் கமுகந்தோட்டம் என்கிறோம். இவ்வாறு தலைமையும் பன்மையும் பற்றிப் பெயர் வழங்குதலைத் தொல்காப்பியமும் உடன்பட்டுள்ளது.

வேறுபாடு காண ஓர் எளிய சோதனையும் உண்டு. கனிமத்தைக் கரித்துண்டில் வைத்து, பொற்கொல்லர் கையாள்வது போன்ற ஊதுகுழலால் தீயைச் செலுத்தினால், மிமெடைட்டு வெள்ளைப்பூண்டு நாற்றம் வீசி ஈயமணியை விட்டொழியும். அந்நாற்றம் ஆர்செனிக்கின் அடையாளம். தூய பைரோமார்பைட்டோ நாற்றமின்றி உருகி, ஆறுங்கால் முகங்கள் பட்ட உருண்டையாகும். தீயால் உருவெடுப்பது என்னும் பொருளுடைய அதன் பெயரும் இதனால் வந்ததே. ஆயின் அப்புகை கொடிய நஞ்சாதலின், புகைபோக்கி அமைந்த ஆய்வுச்சாலையில் ஆசிரியர் முன்னிலையிலன்றி இதனைச் செய்தல் தகாது. கனிமத்தைத் தொட்ட கையையும் நன்கு கழுவுதல் வேண்டும்.

அறிதலால் ஆகும் பயன்

எங்கோ ஒரு சுரங்கத்தில் கிடைக்கும் கல்லின் குலமுறையை ஆராய்வதால் நமக்கு ஆவதென்னை என வினவலாம். எழுத்துப் போலியில் பொருள் மாறுவதில்லை. அணுப் போலியிலோ உருவம் மாறாது நிற்க, விளைவு முற்றும் மாறிவிடுகின்றது. இவ்வேறுபாட்டிலேயே உயிரும் சாவும் அடங்கியுள்ளன.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய ஆற்றலை அடினோசின் மும்பாஸ்பேட்டு என்னும் பொருளில் சேர்த்து வைத்துச் செலவிடுகின்றது. ஆர்சனேட்டு உட்புகுந்தால், பாஸ்பேட்டு என்றே மயங்கி உடம்பு அதனை ஏற்றுக்கொள்ளும். பாஸ்பேட்டு அமர வேண்டிய இருக்கையில் அமரும் அப்போலி, நிலைத்து நில்லாது விரைவில் நீரால் சிதைந்துபோகும். சேர வேண்டிய ஆற்றல் சேராது வீணாகும். படிகத்தில் அழகாக நின்ற போலி உயிரணுவில் நஞ்சாகும் முறைகளுள் இதுவும் ஒன்று.

மேற்கு வங்காளத்தில் 1983-ஆம் ஆண்டில், குழாய்க் கிணற்று நீரால் தோல் கறுத்துத் தடித்து நோயுற்றோர் அடையாளங் காணப்பட்டனர். பின்னர் வங்காள தேசத்தில் கோடிக்கணக்கான மக்கள் இவ்விடர்க்கு உட்பட்டமை தெரியவந்தது. குளத்து நீரின் நோய்க்கிருமிகளுக்கு அஞ்சித் தோண்டிய கிணறுகளே அவை. தெளிந்து, மணமும் சுவையும் மாறாதிருந்த நீரில், வண்டற் படிவுகளினின்று கரைந்த ஆர்செனிக்குக் கலந்திருந்தது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரும்பின் துருப்போன்ற பொருளில் ஆர்சனேட்டைப் பற்றச் செய்து நீரைத் தூய்மையாக்கும் முறை உண்டு. ஆனால் அந்நீரில் பாஸ்பேட்டு மிகுந்திருப்பின், அதுவும் அதே இடத்திற்குப் போட்டியிட்டு ஆர்சனேட்டைப் பற்றவொட்டாது தடுக்கும். மிட்செர்லிக்கு கண்ட உறவை அறியாதவர்க்கு இத்தடையின் காரணம் விளங்காது.

அவ்வுறவே நன்மைக்கும் துணையாகின்றது. ஈயத்தால் கெட்ட நிலத்தில் பாஸ்பேட்டைக் கலந்தால், ஈயம் அதனோடு கூடி, எளிதிற் கரையாத பைரோமார்பைட்டாக உறைந்து அடங்கும். உண்ணும் நீரிலும் பயிரிலும் அது சேர்தல் குறையும்.

நாடக மேடையில் முகத்திற் பூசும் வண்ணத்தை அரிதாரம் என்கிறோம். அச்சொல்லே ஆர்செனிக்குக் கனிமம் ஒன்றன் பெயர். வேடத்தை வேடமென்று அறிந்து காண்பவன் இன்புறுவான், அறியாதவன் இடர்ப்படுவான். மஞ்சட் படிகத்தின் அழகையும், கிணற்று நீரின் தெளிவையும் கண்ட அளவில் துணியாது, உள்ளியல்பை ஆராய்ந்து பெயரிடக் கற்றுக்கொடுப்பதே வகுப்புநூலின் பயன். மக்கள் குடிக்கும் நீர்வரை சென்று எட்டும் அப்பயன் சிறிதன்று என்பது கற்போர்க்கு இனிது விளங்கும்.