மகள் எழுதும் கட்டுரை

நம்ம ஊர்க் கல்லூரிகள் பெரும்பாலும் மார்க் பார்த்துத்தான் சேர்க்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பல, மார்க்கோடு மாணவி தன்னைப் பற்றி எழுதிய கட்டுரையும் கேட்கின்றன. ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத்தில் அதற்கு 650 வார்த்தைகள்தான் உச்சவரம்பு.

‘நாட்டுக்குச் சேவை செய்வேன்’ என்று பொதுவாக எழுதினால் பிள்ளை யாரென்றே தெரியாது. அம்மாவின் இட்லிக் கடையில் கடன் நோட்டு எழுதியதையும், பாக்கியை மனம் நோகாமல் கேட்கக் கற்றதையும் எழுதலாம். அதற்குத் துணிச்சல் வேணும். எடுபடாமலும் போகலாம். ஆனால் அது அவள் மட்டுமே எழுதக்கூடியது. இல்லாததைச் சேர்க்கக் கூடாது. காசு கொடுத்து எழுதி வாங்கவும் கூடாது.

“வீட்டு விஷயத்தை ஏன்டி எழுதுறே?” என்று நாம் தடுக்க வேண்டாம். எதை எழுதலாம், எதை விடலாம் என்று மகளோடு உட்கார்ந்து பேசுவோம்.